பாட்டிக்குப் படித்துக் காட்டியவள்

அறுபதுகளில் வலியசாலை அக்ரஹாரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்துகளோடு பழக்கம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். வாய்ப்பாட்டை மலையாளத்தில் ஒப்பிப்போம். தெருவில் இறங்கித் தமிழில் சண்டை போடுவோம். எனக்குத் தமிழ் எழுத்தை யாரும் பலகை வைத்துச் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு வந்த வாரப் பத்திரிகைகளில் தெரிந்த பெயர்களைப் பார்த்து, மலையாள எழுத்தோடு ஒப்பிட்டு, நானாகவே பிடித்துக்கொண்டேன். மலையாளத்தில் நான்கு 'ப' உண்டு, தமிழில் ஒன்றுதான். 'பம்பரம்' என்று எழுதியிருந்தால் முதல் ப-வையும் இரண்டாவது ப-வையும் வேறு வேறாகச் சொல்ல வேண்டும். அதை எழுத்து சொல்லாது, காதுதான் சொல்லும். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அந்தக் காது இருக்கிறது. பின்னாளில் ஆசிரியையாகப் பணியாற்றியபோது இந்த ஒரு விஷயம் எனக்கு எத்தனையோ பயிற்சி வகுப்புகளைவிட அதிகம் உதவியது.

எங்கள் வீட்டில் அத்தைப்பாட்டி இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆனால் கதை என்றால் சாப்பாடு வேண்டாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் எங்கள் பரணில் இருந்தன. மணியம் வரைந்த படங்களோடு, பக்கத்து விளம்பரங்களும் சேர்ந்தே வரும். சாயங்காலம் விளக்கேற்றியதும் திண்ணையில் உட்கார்ந்து நான் படிக்க வேண்டும், பாட்டி கேட்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பாட்டி சும்மா கேட்கிறவள் இல்லை. "ஏண்டி, பழையாறைன்னா எங்கேடி இருக்கு?" என்பாள். "அந்தப் பொண்ணு ஏன் அப்படிப் பேசறா?" என்பாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றால் பாட்டி விடமாட்டாள். "படிக்கத் தெரிஞ்சவதானே, பார்த்துச் சொல்லேன்!" பள்ளிக்கூட அட்லஸில் பழையாறை இல்லை. கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்திருந்த எதிர்வீட்டு மாமியிடம் ஓடிக் கேட்டேன். கும்பகோணத்துக்குப் பக்கம் என்றாள். நாளடைவில் ஒரு பழக்கம் ஏற்பட்டது. மறுநாள் படிக்க வேண்டிய அத்தியாயத்தை மத்தியானமே ஒருமுறை படித்து, பாட்டி எங்கே மறிப்பாள் என்று பார்த்து, பதிலை விசாரித்து வைத்துக்கொள்வேன். பாடக் குறிப்பு என்ற பெயரெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் பாட்டி கேட்ட கேள்விக்கு மட்டும் பத்து வருஷம் பதில் கிடைக்கவில்லை. "இந்த அருள்மொழிவர்மன் நம்ம வலியசாலைக்கு வந்தானாமே, நெஜமா?" கோயிலில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். எங்கள் கோயிலின் பெயரே காந்தளூர் மகாதேவர் கோயில். பள்ளியில் கேட்டேன். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்றார்கள். அந்தப் பதில் எனக்கு மறக்கவேயில்லை. பிறகு நான் வகுப்பெடுத்த ஆண்டுகளில் எந்தக் குழந்தையிடமும் அதைச் சொன்னதில்லை.

கல்லூரிக்குப் போனபின் பாளையத்தில் உள்ள பொது நூலகத்தில் உறுப்பினரானேன். 1829-இல் தொடங்கிய நூலகம் அது. இந்தியாவின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழ் நூல்களும் உண்டு. அங்கேதான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய 'காந்தளூர்ச்சாலை' என்ற ஆராய்ச்சி நூல் கையில் கிடைத்தது. குழந்தைப் பாட்டு எழுதிய கவிமணியா கல்வெட்டு ஆராய்ந்தார் என்று திகைத்துப்போனேன். பாட்டி அதற்குள் போய்விட்டாள்.

கவிமணியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது இன்னொரு ஆச்சரியம். 1876-இல் தேரூரில் பிறந்த அவருக்கும் பள்ளியில் வாய்த்தது மலையாளம்தான். அன்றைய திருவிதாங்கூர் அப்படி. தமிழை அவர் ஊருக்கு அருகே மடத்தில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். பள்ளிக்கு வெளியே, ஆசையினால் படித்த தமிழ். அதை வைத்துக்கொண்டு 36 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். கோட்டாற்றில் தொடங்கி, நாகர்கோவில் போய், கடைசியில் எங்கள் திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்து 1931-இல் ஓய்வு பெற்றார். நம் குழந்தைகள் பாடுகிற பாட்டுகளை எழுதியவர், தமிழைப் பள்ளிப் பாடமாகத் தொடங்காதவர் என்பதை நினைக்க எனக்கு இன்றும் தெம்பாக இருக்கிறது.

சாலை கடைவழியன்று, கல்விச்சாலை என்பதை அந்தத் தேடலில்தான் அறிந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் ஒரு சாலையை நிறுவினான். 95 மாணாக்கருக்கு இடம். ஒழுங்குமுறைகள் காந்தளூரை ஒட்டியவை என்று செப்பேடு சொல்கிறது. அப்படியென்றால் காந்தளூர்ச் சாலை அதற்கும் முந்தியது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் இந்தச் சாலை வருகிறது. அங்கே அவன் "கலம்" அறுத்ததாகச் சொல்லப்படுகிறது. கலம் என்றால் கப்பல் என்பார் ஒரு சாரார். உண்கலம், அதாவது சாலையில் உண்போருக்கு ஒதுக்கிய பங்கு என்பார் இன்னொரு சாரார். அந்தச் சாலை இருந்த இடம் எங்கள் வலியசாலைதானா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது!

பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. அங்கே கடை நடத்திய ஆ. மாதவனும் மலையாளத்தில் பள்ளிப்படிப்பு முடித்துத் தமிழைத் தானாகப் படித்தவர். 2015-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார், 2021-இல் மறைந்தார். அவர் ஆசிரியர் வேலை பார்த்ததில்லை. ஆனால் அவருடைய கதைகளைப் படித்த பிறகுதான், நான் தினமும் காய்கறி வாங்கிய தெருவைக் கண் திறந்து பார்த்தேன்.

ஓய்வுபெற்ற பின் உறவினர் வீடுகளுக்காக மும்பை, பெங்களூரு என்று போய்வருகிறேன். பார்க்கிற குழந்தைகள் அழகாகத் தமிழ் பேசுகின்றன. எழுத்தைக் காட்டினால் முகம் திருப்புகின்றன. பெற்றோர் குற்றவுணர்ச்சியோடு நோட்டும் பென்சிலுமாக அ, ஆ எழுதவைக்கிறார்கள். முப்பது நாளில் அது ஓய்ந்துவிடுகிறது. குறை குழந்தையிடம் இல்லை. படித்துக் காட்டினால் கேட்க ஆள் வேண்டும். கேட்டு மறிக்கவும் வேண்டும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில், கண் மங்கிய பெரியவர் யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். ஒரு வீட்டில் பதினொரு வயதுப் பையன் தாத்தாவுக்குப் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் படித்துச் சொல்லியே எழுத்துக் கூட்டப் பழகிவிட்டான். கதையாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். இருக்கட்டும்.

போன விடுமுறையில் வலியசாலைக்கு வந்திருந்த பிள்ளைகள் ஏழு பேரைக் கோயில் வாசலில் உட்காரவைத்துக் காந்தளூர்க் கதையைச் சொன்னேன். கலம் என்றால் கப்பலா, சாப்பாட்டுப் பாத்திரமா என்று கேட்டேன். ஐந்து பேர் கப்பல். ஒருத்தி மட்டும், "பாட்டி, சாப்பாட்டை நிறுத்தினா ஸ்கூலே மூடிடுமே, அதுக்குக் கப்பல் எதுக்கு?" என்றாள். ஏழாவது பையன் அந்தக் கல்வெட்டை நேரில் பார்க்காமல் கட்சி சேரமாட்டானாம்.