கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை

‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ என்று நம் முன்னோர் சொல்வதுண்டு. பங்களாதேஷ் மக்களுக்கு இது வெறும் பழமொழியாக இருக்கவில்லை.

அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த குழந்தைகள் வயிற்றோட்டத்தாலும் வாந்திபேதியாலும் மடிந்தனர். இதைத் தடுக்கவே 1970களில் அரசும் யுனிசெப் நிறுவனமும் கிராமங்கள் தோறும் குழாய்க்கிணறுகளை அமைத்தன. தொண்டு நிறுவனங்களும் கைகொடுத்தன. நிலத்தடி நீர் தூயது என்றே எல்லோரும் நம்பினர். ஆனால் அந்த மண்ணில் இயற்கையாகவே கலந்திருந்த ஆர்சனிக் என்னும் நஞ்சை எவரும் தேடிப் பார்க்கவில்லை.

அயலிலுள்ள மேற்கு வங்காளத்தில் இந்நஞ்சு தந்த தோல்நோய் 1983இல் இனங்காணப்பட்டது. பங்களாதேஷ் கிணறுகளில் நஞ்சு உறுதியானதோ 1993இல். இடையில் பத்து ஆண்டுகள்! உடலிற் கரும்புள்ளி விழுந்து, உள்ளங்கை தடித்தவர்களைத் தொழுநோயாளர் என்று எண்ணி ஊரார் ஒதுக்கியதுமுண்டு. நாட்டின் பன்னிரண்டரைக் கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி வரையானோர் ஆபத்தில் உள்ளனர் என, உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகைக் கட்டுரையொன்று 2000ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

யார் பொறுப்பு? 1992இல் அங்கு நிலத்தடி நீரை ஆராய்ந்த பிரித்தானிய நிலவியல் நிறுவனம் ஆர்சனிக்கைப் பரிசோதிக்கவில்லை. நோயுற்ற கிராமவாசி ஒருவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரபுக்கள் சபை வரை சென்று 2006இல் தோற்றது. அந்நாட்டுக் குடிநீர் விநியோகத்தின் மீது அந்நிறுவனத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை, ஆதலால் சட்டப்படி கடப்பாடும் இல்லை என்பதே தீர்ப்பு.

சட்டம் அத்துடன் நின்றது. மக்கள் பணியில் இருக்கும் நாமும் அத்துடன் நின்றுவிடலாமா? ‘நல்லதைத்தானே நினைத்தோம்’ என்பது நம் மீது வஞ்சகக் குற்றம் சாட்டுவோருக்குரிய பதில். நோயுற்றவருக்குரிய பதில் அன்று. பல கைகள் சேர்ந்து செய்த நன்மையில் எல்லோரும் பங்கு கேட்கிறோம். தீமை வெளிப்பட்டதும் அது எவருடையதும் அல்லாததாகி விடுகிறது.

பின்னர் அங்கே நஞ்சுள்ள கிணறுகளுக்குச் சிவப்பும், ஏனையவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். உண்மையை ஒளிக்காமற் சொன்னது நல்லதே. ஆயினும் சிவப்புக் கிணற்று வீட்டுப் பெண் அடுத்த குடத்தை எங்கே நிரப்புவாள்? அதற்கு வழி செய்யும்வரை பொறுப்புத் தீராது.

நமது ஆண்டறிக்கைகளில் கட்டிய கிணறுகளின் தொகை உண்டு. திறப்பு விழாப் படமும் உண்டு. பத்தாண்டின் பின் அங்கு திரும்பிச் சென்றோமா, முதல் முறைப்பாட்டைச் சொன்னவரை நன்றி கெட்டவர் என்று தள்ளாமற் கேட்டோமா என்பதற்கு அதில் இடமில்லை. பெயர்க்கல்லிற் பெயர் பொறிக்க விரும்பும் நாம், அந்தக் கணக்கையும் எழுதத் தொடங்குவோம்.