தாழ்ந்த கார், நிறைந்த ஏரி

ஒரு மாடலில் சில நூறு வண்டிகளை மட்டும் தயாரித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்த பட்டயம் பதித்து விற்பதைத்தான் ஸ்பெஷல் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்க நினைப்பவர் குதிரைத்திறனையும் மறுவிற்பனை விலையையும் விசாரிப்பார். செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, குன்றத்தூர் பக்கம் குடியிருப்பவர் அதற்கு முன்னால் ஏரியைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு வினாடிக்கு 29,000 கன அடி வரை உபரி நீர் திறந்துவிடப்பட்டது. அந்த மழையில் சென்னையிலும் புறநகரிலும் மூழ்கிய கார்கள் ஆயிரக்கணக்கில். ஏரி நிறையும்போதெல்லாம் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை ஆகிய ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை வரும். உங்கள் வீடு அந்த வரிசையில் இருந்தால், ஐப்பசி பிறக்கும் முன்பே மேட்டுப் பகுதியில் ஓர் இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங் வெயிலுக்கு அருமையான இடம். மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் இறங்குவதும் அங்கேதான்.

ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிப்பாகம் தரையிலிருந்து பெரும்பாலும் 100 முதல் 130 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சாதாரண கார் தாண்டிப் போகும் தண்ணீரே இதற்கு ஆபத்து. எஞ்சின் காற்றை இழுக்கும் வழி தாழ்வாக இருந்தால் காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விடும். பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நொடியில் கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் எஞ்சின் பிளாக்கே உடையும். ஆகவே தண்ணீரில் நின்ற வண்டிக்கு எந்தக் காரணம் கொண்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளாட்பெட் வண்டி வரும்வரை காத்திருங்கள். இன்சூரன்ஸ் கோணத்திலும் இது முக்கியம். முழுமையான பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். நனைந்த வண்டியைக் கிளப்பப் போய் எஞ்சின் உடைந்தால், அது பின்விளைவுச் சேதம் என்று கிளைமைத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பை வாங்கி, அதன் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

தண்ணீர் வருவது சில ஆண்டுகளில். நிறுத்தி வைப்பதால் வரும் கேடோ தினமும் நடக்கிறது. அரிய வண்டி, கிலோமீட்டர் ஏறினால் மதிப்பு குறையும் என்று கவர் போட்டு மூடி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஓடாத வண்டியில் பேட்டரி இறங்குகிறது, எஞ்சின் சீல்கள் காய்கின்றன, ஒரே இடத்தில் எடை தாங்கிய டயர் தட்டையாகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதுவும் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து தங்கும். பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய்களையும் அது பதம் பார்க்கும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பது உதவாது. எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடாகி உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாக வேண்டும், அதற்கு அரை மணி நேரமாவது சாலையில் ஓட வேண்டும். வெளியூர் போனால் பேட்டரியை விட்டு விட்டுச் சார்ஜ் செய்யும் சிறிய கருவியை மாட்டிவிட்டுப் போங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று வந்ததும் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டை தேயாமல் பளபளவென்று இருந்தாலும், ஆறேழு ஆண்டு கடந்த டயர் நம் வெயிலில் இறுகியிருக்கும். அதில் வேகம் எடுக்கக் கூடாது. டைமிங் பெல்ட்டுக்கும் இதே கதைதான். ஃபெராரி 360 மொடேனாவில் கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றச் சொல்வார்கள்.

அந்த 360 மொடேனாவை இந்தியாவில் எல்லோருக்கும் தெரிய வைத்தவர் சச்சின் டெண்டுல்கர். பிராட்மேனின் 29 டெஸ்ட் சதங்களைச் சமன் செய்ததற்காக ஃபியட் நிறுவனம் அதை அவருக்குப் பரிசளித்தது. 2002இல் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் சாவியைக் கொடுத்தார். இறக்குமதி வரி விலக்கு சர்ச்சையாகி, கடைசியில் ஃபியட் வரியைக் கட்டியது. சச்சினுக்கே அப்படியென்றால், செகண்ட் ஹேண்டாக வாங்கும் நாம் காகிதத்தை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்! சுங்கத்தில் வரி கட்டியதைக் காட்டும் பில் ஆஃப் என்ட்ரி இல்லாத வெளிநாட்டு வண்டியைத் தொடவே வேண்டாம். சுற்றுலாவுக்காக, திருப்பி எடுத்துப் போகும் உறுதியோடு கார்னே ஆவணத்தில் உள்ளே வரும் வண்டிகளை இங்கே விற்க முடியாது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம்; பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஆனால் ஸ்பெஷல் எடிஷனில் நிறத்தையே மாற்றாதீர்கள். பட்டயம், இரண்டாவது சாவி, டூல் கிட், கையேடு, சர்வீஸ் பில், கம்பெனி சைலன்சர், கம்பெனி வீல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வண்டியின் மதிப்பு. வேறு சைலன்சர் மாட்டினாலும் பழையதைத் துணி சுற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

கழுவுவதில் ஒன்றே ஒன்று: போர் தண்ணீரை வெயிலில் காயவிட்டால் உப்புப் புள்ளி பெயிண்டில் ஊறிவிடும். நிழலில் கழுவி உடனே துடையுங்கள். மேட் பெயிண்டுக்கு பாலிஷ் போடவே கூடாது.

வேகத்தடையின் உயரம் விதிப்படி 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். தெருவில் அவரவர் போட்டுக்கொண்ட தடைகளுக்கு அளவே கிடையாது. முன்பக்கத்தைத் தூக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி குறுக்காகக் கடந்து போங்கள்.

இத்தனை தொல்லையோடு இதை இங்கே வைத்திருக்க நல்ல காரணம் ஒன்று உண்டு. பெங்களூர் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியபின் 1990இல் இங்கே திறந்த பாதை அது, நீளம் 3.7 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காட்டக் கூடாத வேகத்தை அங்கே காட்டலாம். பொதுவான பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்காது. டிராக்கில் சேதமானால் செலவு உங்களுடையது. போகும் முன் பிரேக் ஆயிலும் பேடும் புதிதாக இருக்கட்டும். கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டிச் சூட்டைத் தணியுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் அழுந்தி ஒட்டாது.