ஸ்டால் வாடகை கட்டும் முன்

"இன்னும் நான்கே ஸ்டால்தான் பாக்கி. இன்று இரவுக்குள் அட்வான்ஸ் போட்டால் இடம் உறுதி." தீபாவளி, பொங்கல் நெருங்கும்போது வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப்பட்ட போஸ்டர்கள் வந்து குவியும். கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸ், பள்ளி மைதானம் என்று எங்கும் கண்காட்சிதான். மசாலாப் பொடி அரைப்பவர், சணல் பை தைப்பவர், டெரகோட்டா நகை செய்பவர் எல்லோருக்கும் அதில் ஆசை வருவது நியாயமே. ஆனால், அந்த அவசரத்துக்குப் பணிந்து யாரும் பணம் அனுப்பக் கூடாது. ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, இரண்டு நாள் ஸ்டாலுக்கு வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,080. சரக்கு ஏற்றிப் போய்வர வண்டிச் செலவு 1,400, உதவிக்கு வரும் ஆளுக்கு 1,200, சாப்பாடு, கேரி பேக், கூடுதல் பிளக் பாயின்ட் என்று ஒரு 820. ஆக மொத்தம் 10,500. இட்லிப் பொடி பாக்கெட்டை 150 ரூபாய்க்கு விற்கிறீர்கள். பருப்பு, மிளகாய், அரவைக்கூலி, கவர் எல்லாம் சேர்த்து அடக்கவிலை 90. பாக்கெட்டுக்கு நிற்பது 60 ரூபாய். அப்படியென்றால், போட்ட பணத்தை எடுக்கவே 175 பாக்கெட் விற்க வேண்டும். அதற்கு மேல் விற்கும் 176ஆவது பாக்கெட்டில்தான் முதல் லாபம். கண்காட்சியில் காலையும் மதியமும் பெரும்பாலும் ஈ ஓட்டும் நேரம்; கூட்டம் சேர்வது மாலையில்தான். இரண்டு மாலையும் சேர்த்து ஏழு மணி நேரம் நல்ல விற்பனை என்றால், மணிக்கு 25 பாக்கெட் போக வேண்டும். ஏறக்குறைய இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. இரண்டு நாளும் நின்று விற்ற உங்கள் உழைப்புக்கு இந்தக் கணக்கில் கூலியே சேர்க்கவில்லை. பெண்கள் இந்தக் கூலியை விட்டுவிட்டுத்தான் லாபம் பார்க்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

"விற்காவிட்டாலும் நாலு பேருக்குத் தெரியவருமே" என்பார்கள். மாதாமாதம் தீர்ந்துபோகும் பொடி, ஊறுகாய், சோப்பு போன்றவற்றுக்கு இது உண்மைதான். ஒருமுறை வாங்கியவர் மறுபடி கூப்பிட, பாக்கெட்டின் மேலேயே உங்கள் எண் இருக்க வேண்டும். எப்போதோ ஒருமுறை வாங்கும் அலங்காரப் பொருளுக்கு இந்தச் சமாதானம் எடுபடாது. அங்கே அன்றைய விற்பனையே வாடகையை எடுத்தாக வேண்டும்.

ஏற்பாட்டாளர் சொல்லும் கூட்டக் கணக்கை நம்புவதைவிட, அவர் நடத்தும் வேறொரு கண்காட்சிக்குப் பார்வையாளராகப் போய் வருவது மேல். வெளியே வருகிறவர்களின் கையைப் பாருங்கள். பை இருக்கிறதா, வெறுங்கையா? உங்கள் பொருளையே எத்தனை பேர் விற்கிறார்கள் என்று எண்ணுங்கள். கடை போட்டிருப்பவர்களிடம் "அடுத்த முறையும் போடுவீங்களா அக்கா?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்பு அவர்கள் முகமே சொல்லிவிடும்.

போவது என்று முடிவானால், பணம் கட்டும் முன் விதிமுறைகளை எழுத்தில் வாங்குங்கள். ஸ்டால் எண், அளவு, மேசை நாற்காலி, மின்இணைப்பு, உங்கள் வகைப் பொருளுக்கு எத்தனை ஸ்டால் கொடுப்பார்கள், மழையாலோ அனுமதி கிடைக்காததாலோ ரத்தானால் பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மண்டபத்துக்கே போன் செய்து அந்தத் தேதி பதிவாகியிருக்கிறதா என்று கேட்பது ஐந்து நிமிட வேலை. ஜிஎஸ்டி கேட்டால் பில் கேளுங்கள்; அதிலுள்ள எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்துவிட்டு ரசீது வாங்காமல் இருப்பதுதான் பிற்பாடு எல்லோரையும் கைகட்ட வைக்கிறது.

நம் பக்கத்திலும் குறை இருக்கக் கூடாது. உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகாருக்கான எண் இருக்க வேண்டும். பெங்களூரு போன்ற வெளிமாநிலக் கண்காட்சிக்குச் சரக்கு கொண்டுபோய் விற்பதென்றால் ஜிஎஸ்டி விதிகள் வேறு. கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. ஆடிட்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்? கண்காட்சியே நடக்கவில்லை, அல்லது சொன்ன இடம் தரவில்லை என்றால் முதலில் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ பணத்தைக் கேளுங்கள். ஒப்பந்தத்தை மீறியவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு தருகிறது. யார் மீதும் தவறில்லாமல் நிகழ்ச்சி நடக்க முடியாமல் போனால், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 65ஆம் பிரிவின் பொதுவிதி. நுகர்வோர் ஆணையத்தில், 'இது வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை' என்று எதிர்த்தரப்பு வாதிடும். எனவே அதை மட்டும் நம்பியிருக்காமல் வழக்கறிஞரிடம் பேசுங்கள். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்றால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வரும் மோசடிக் குற்றம். போலி போஸ்டர் போட்டு ஆன்லைனில் பணம் பறித்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

தனியார் கண்காட்சிதான் ஒரே வழி என்பதும் இல்லை. சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் கண்காட்சிகள், கல்லூரிச் சந்தைகள் பற்றி மாவட்டத் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு செய்தவர்களுக்கு வர்த்தகக் கண்காட்சி ஸ்டால் வாடகையில் மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

ஏமாந்த பணம் இரண்டாயிரம், மூவாயிரம்தானே என்று பலர் புகாரே கொடுப்பதில்லை. அப்படி விட்டுவிடாதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயப்படவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ரசீதோடு நேரில் போகலாம். தொலைபேசி உதவி எண் 15100.