அறுபடும்போது பிறக்கும் பொறி

பழைய அம்பாசடரின் பேட்டரி தருவது 12 வோல்ட். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ள, ஸ்பார்க் பிளக்கின் 0.6 மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட வேண்டும். அதற்குப் பல ஆயிரம் வோல்ட் தேவை. இந்த ஏற்றத்தைச் செய்வது இக்னிஷன் காயில். அதன் வழியே மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்வரை பிளக்கில் பொறி வராது. ஓட்டம் அறுபடும் கணத்தில்தான் வரும்.

காயிலுக்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்று. தடித்த கம்பியில் மூன்று, நான்கு ஆம்பியர் ஓடும்போது காந்தப்புலம் எழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் என்னும் சுவிட்ச் திறந்ததும் அந்தப் புலம் சரிகிறது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று 1831இல் ஃபாரடே கண்டறிந்தாரே, அதே விதிதான். சரிவு எவ்வளவு வேகமோ அவ்வளவு அழுத்தம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், பாயிண்ட் விநாடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத கணக்கு இது! சார்லஸ் கெட்டரிங் வகுத்த இந்த முறை 1910ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது.

பாயிண்டோடு இணைந்த கண்டென்சர், கட்டைவிரல் அளவு உலோக உருளை. பாயிண்ட் திறக்கும்போதும் மின்சாரம் நிற்க மறுத்து அந்த இடைவெளியிலேயே பொறியாகப் பாயப் பார்க்கும். அதைக் கண்டென்சர் வாங்கிக்கொள்வதால்தான் ஓட்டம் பட்டென்று அறுகிறது. கண்டென்சர் கெட்டால் பிளக்கில் விழ வேண்டிய பொறி பாயிண்டிலேயே விழும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள்: பாயிண்டின் முனைகள் நீலம்பாரித்துக் கருகியிருந்தால், பாயிண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதியதும் சீக்கிரமே கருகிவிடும்.

செல்ஃப் நன்றாக அடித்தும் வண்டி கிளம்பாவிட்டால், உடனே காயிலை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி, பச்சை பூத்த ஒரு ஒயர் முனை அல்லது தேய்ந்த சாவி சுவிட்ச். காயிலின் மின்தடை சுமார் 3.3 ஓம், ஓட்டம் 3.6 ஆம்பியர். துரு ஒரே ஒரு ஓம் கூட்டினாலும் ஓட்டம் 2.8 ஆம்பியராகக் குறையும். பொறியின் ஆற்றல் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விடும். வெயில் நேரத்தில் எப்படியோ கிளம்பும் அந்த வண்டி, மூடியில் ஈரம் கசியும் மழைநாளில் படுத்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு, பேட்டரியின் பிளஸ் முனைக்கும் காயிலின் சாவிப்பக்க முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். நல்ல வண்டியில் அரை வோல்ட்டுக்குள் இருக்கும். அந்த ஒரு ஓம் துரு அங்கே 2.8 வோல்ட்டாகத் தெரியும். பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், காயில் சூடேறும். பிறகு ஒயர் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். புதுக் காயிலுக்குக் காசு கொடுப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.