மழைக்கு முன்பே பெயர் கொடுங்கள்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, சென்னை மாணவர்கள் யாரும் கூப்பிடாமலேயே தெருவில் இறங்கினார்கள். சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள், முதியவர்களைத் தோளில் தூக்கி வந்தார்கள். அந்த மனசுக்கு நம் பிள்ளைகளிடம் என்றுமே பஞ்சமில்லை. குறை, பயிற்சியில்தான். வெள்ளம் வந்தபின் ஓடிவரும் நூறு பேரைவிட, ஐப்பசிக்கு முன்பே தெருவைத் தெரிந்துவைத்திருக்கும் பத்துப் பேரால் அதிக உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தெருவைத் தெரிந்துகொள்ள ஒரு நோட்டும் இரண்டு மாணவர்களும் போதும். வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். படுக்கையில் இருக்கும் பாட்டி எந்த மாடியில் இருக்கிறார்? கர்ப்பிணிக்கு மருத்துவர் சொன்ன பிரசவத் தேதி என்ன? டயாலிசிஸுக்கு எந்தெந்தக் கிழமை போகிறார்கள்? கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் உள்ள இன்சுலினை எங்கே வைப்பார்கள்? காது கேளாதவர் தனியாக இருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவது யார்? ஒலிபெருக்கி அறிவிப்பு அவரை எட்டாது. இந்தப் பட்டியல் கிராம நிர்வாக அலுவலரிடமோ வார்டு அலுவலகத்திலோ இருந்தால், முதல் படகு எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற குழப்பம் வராது. ஆனால் இது பிறருடைய அந்தரங்க விவரம். வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

சேர்வதற்கு வழிகள் இருக்கின்றன. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்கிறார்கள். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த முகாமில் மரக்கன்று நடுவதோடு ஒருநாள் முதலுதவியும் கயிறு கட்டுவதும் கற்றுத்தரும்படி திட்ட அலுவலரிடம் கேளுங்கள். தேசிய மாணவர் படை, சாரணர் இயக்கம், ஜூனியர் ரெட் கிராஸ் ஆகியவையும் உண்டு. 18 வயது நிறைந்தவர்கள் ‘ஆப்தா மித்ரா’ தன்னார்வலர் பயிற்சி பற்றி ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் விசாரிக்கலாம்.

ஆபத்தையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஓடுகிற தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். தேங்கிய நீருக்குள் திறந்த மேன்ஹோலும் அறுந்த மின்கம்பியும் இருக்கலாம்; கம்பி தெரிந்தால் விலகி நின்று மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள். வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி கலந்திருக்கலாம். காலில் சிறு வெட்டு இருந்தாலும் இறங்காதீர்கள். இறங்கி வேலை பார்த்த சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், “வெள்ளத்தில் நின்றேன்” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களை எந்தக் காரணத்துக்காகவும் மீட்புப் பணிக்கு அனுப்பக் கூடாது. முகாமில் பதிவேடு எழுதுவது, குழந்தைகளைக் கவனிப்பது, மருந்து பிரித்துக் கொடுக்க உதவுவது ஆகியவையும் சேவைதான்.

தன்னார்வலர் என்பதால் உரிமை இல்லாமல் போய்விடாது. கையுறை, பூட்ஸ், லைஃப் ஜாக்கெட், தடுப்பூசி, காப்பீடு ஆகியவை உண்டா என்று கேட்பது திமிர் அல்ல. பயிற்சி தராத வேலைக்கு “முடியாது” என்று சொல்லலாம். அதற்காக மதிப்பெண்ணையோ வருகைப் பதிவையோ காட்டி மிரட்டுவது தவறு. சேவைக்குப் போகும் நாட்களுக்கான ஓ.டி.யை (ஆன் டியூட்டி அனுமதியை) எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாணவிகளுக்குக் கழிப்பறை, உடன் ஒரு பெண் ஆசிரியர், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வண்டி ஆகியவற்றை முன்பே உறுதிசெய்ய வேண்டியது கல்லூரியின் பொறுப்பு. பாலியல் தொந்தரவு நடந்தால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் செய்யலாம்; உடனடி உதவிக்கு 181. மற்ற குறைகளைத் திட்ட அலுவலர், கல்லூரி முதல்வர், பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர் என்று படிப்படியாக எழுத்தில் கொண்டுபோங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: பேரிடரில் இறந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து தரப்படும் 4 லட்சம் ரூபாய், நிவாரணப் பணியிலோ முன்னேற்பாட்டுப் பணியிலோ ஈடுபட்டு உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் பொருந்தும். மரணக் காரணத்துக்கு உரிய அலுவலரின் சான்று வேண்டும். யார், எங்கே, யார் சொல்லிப் பணிக்குப் போனார் என்ற பதிவேடு இல்லாவிட்டால் அந்தச் சான்றுக்காகக் குடும்பம் அலையவேண்டி வரும். அதனால் தினமும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வெள்ளம் இல்லாத நாட்களிலும், சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்லத் தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது. பெயர் சொல்லும்படி போலீஸோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது.

மழைக்காலத்தில் “ஏரி உடைந்துவிட்டது” என்று வரும் குரல்பதிவைச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி கிளப்பினால், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள், வீட்டில் இருப்பவர்கள் போனிலும்.