மாற்றுச் சக்கரம்

நம் பினாங்கில், தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள தாவரப் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள ஜீப் சாலை செல்கிறது. அத்தகைய செங்குத்தான பாதையில் வண்டியின் டயர் வெடித்தால், நமக்குக் கைகொடுப்பது மாற்றுச் சக்கரமே. வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி வீதியில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டில் இத்தகைய உதவிச் சக்கரத்தை உருவாக்கினர். ஆதலால் தமிழ்நாட்டில் இன்றும் அதனை 'ஸ்டெப்னி' என்பர்.

மாற்றுச் சக்கரம், ஜாக்கி, மண்வெட்டி, கயிறு ஆகியவற்றை வண்டியில் எங்கே வைப்பது? கனமானவற்றைக் கூரைமீது ஏற்றினால், சரிவில் வண்டி எளிதில் குடைசாயும். ஆகவே லோரியில் அவற்றை ஓட்டுநர் அறையின் பின்சுவரையொட்டித் தாழ்வாக வைத்து, அசையாதவாறு இறுகக் கட்டுதல் வேண்டும். ஜாக்கி சேற்றில் புதையாதிருக்க, அதன் அடியில் வைக்கத் தடித்த பலகையொன்றும் தேவை. மாற்றுச் சக்கரத்தில் காற்று உள்ளதா என்பதைப் புறப்படுமுன் பார்த்தல் நன்று.

திடீரென வண்டியை நிறுத்தினால், வண்டி நிற்கும். கட்டாத சக்கரமோ நில்லாது, அருகிலிருப்போர்மீது பாயும். ஆட்களும் சாமான்களும் ஒன்றாகச் செல்லும் வண்டியில் ஒரு கயிற்றின் முடிச்சு ஓர் உயிரைக் காக்கும்.

நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் சீவி எடுத்த ரப்பர் உலகெங்கும் டயராக உருண்டது. அந்த டயரைப் பத்திரமாகக் கொண்டுசெல்லும் முறையையும் நாம் அறிந்து நடப்போமாக.