பழைய கணினியில் நிருவாகி கணக்கை மீளத் திறத்தல்

நிருவாகி கணக்கு என்பது ஒரு கணினியில் மென்பொருள் நிறுவுதல், பிற பயனர்களைச் சேர்த்தல், நீக்குதல், அவர்களது கோப்புகளைத் திறத்தல் முதலிய முழு உரிமைகளையும் கொண்ட பயனர் கணக்கு ஆகும். இது விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றும் லினக்ஸில் ரூட் என்றும் அழைக்கப்படுகிறது. இதன் கடவுச்சொல் மறந்துபோனால் கணினி நன்றாக இயங்கும். ஆனால் உரியவரே உள்ளே போக முடியாது.

தமிழ்நாட்டில் இச்சிக்கலைப் பலர் சந்திப்பது விலையில்லா மடிக்கணினிகளில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கப்பட்டன. விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. பிளஸ் டூ படித்தவர் வேலைக்காகச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போன பிறகு, தம்பியோ தங்கையோ அதைத் திறக்கும்போது கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. உள்ளே ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கல்லூரி புராஜெக்ட்டும் இறந்துபோன தாத்தாவின் ஒளிப்படங்களும் இருக்கும். பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால் "பார்மட் அடிச்சிடலாம்" என்பதே முதல் பதிலாக வருகிறது. பெரும்பாலான நேரங்களில் அது தேவையே இல்லை.

உண்மையிலேயே மறந்துவிட்டதா?

கடவுச்சொல் சரியாக இருந்தும் விசைப்பலகையால் ஏமாறுவது உண்டு. கேப்ஸ் லாக் விளக்கை எல்லோரும் பார்ப்பர்; நம் லாக்கை மறந்துவிடுவர். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் நம் லாக் இயங்கினால் ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 எனப் பதியும். தமிழ்99 விசைப்பலகையில் இருந்துகொண்டு கடவுச்சொல் அமைத்தவர்களுக்கு, நுழைவுத் திரையில் ஆங்கில அமைப்பு வந்து நிற்கும்போது அதே விசைகள் வேறு எழுத்துகளைத் தரும். எக்ஸ்பி புரொபஷனலில் வரவேற்புத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் இரண்டு முறை அழுத்தினால் பழைய நுழைவுப் பெட்டி வரும். அதில் பயனர்பெயர் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்தால் என்ன பதிகிறது என்று கண்ணால் காணலாம். பார்த்தபின் அழித்துவிட வேண்டும்.

கடவுச்சொல் மறப்பதும் கணக்கு பூட்டப்படுவதும் ஒன்றல்ல. பலமுறை தவறாக இட்டதால் பூட்டப்பட்ட கணக்கு, அதற்கென்று குறித்த நேரம் கழிந்தால் தானே திறக்கும்படி அமைந்திருக்கலாம். அங்கே பொறுமை போதும்.

கணினி எதை வைத்திருக்கிறது?

விண்டோஸ் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதைக் கணக்கீட்டால் மாற்றிய ஓர் அடையாளச் சரத்தை மட்டும், சாம் எனப்படும் கோப்பில் சேமிக்கிறது. நாம் தட்டுவதையும் அதே முறையில் மாற்றி இரண்டையும் ஒப்பிடுகிறது. திருவெண்ணெய்நல்லூர் மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பெரியபுராணத்தில் சுந்தரரின் வழக்கு இவ்வூர் அவையில் தீர்ந்ததும் ஒப்பீட்டால்தான். பாட்டனாரின் வேறோர் ஓலையோடு மூல ஓலையின் கையெழுத்தைப் பொருத்திப் பார்த்த பிறகே அவையோர் முடிவு சொன்னார்கள்.

அடையாளச் சரத்திலிருந்து கடவுச்சொல்லைப் பின்னோக்கிக் கணக்கிட வழியில்லை. எனவே "மறந்த கடவுச்சொல்லை எடுத்துத் தருகிறோம்" என்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கிறார்கள், அல்லது பழையதை அழித்துவிட்டுப் புதியதை இடுகிறார்கள். எக்ஸ்பி காலத்து எல்எம் முறை மட்டும் விதிவிலக்கு எனலாம். அது கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தாக்கி ஏழு ஏழு எழுத்துகளாகப் பிரித்து மாற்றியதால் ஊகிப்பது மிக எளிதாக இருந்தது. விஸ்டா முதல் அம்முறை இயல்பாகவே நிறுத்தப்பட்டது.

முதலில் கோப்புகள்

கணக்கைத் திறக்கும் முன் கோப்புகளைப் படியெடுப்பதே அறிவுடைமை. நுழைவுக் கடவுச்சொல் வாசற்கதவுக்கு மட்டுமே பூட்டு. குறியாக்கம் செய்யப்படாத வன்தட்டில் உள்ளவற்றை அது மறைப்பதில்லை. விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு வந்தது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பாஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக முடிந்தால், விண்டோஸ் பகுதியைத் திறந்து ஆவணங்களைப் பென் டிரைவில் படியெடுத்துக்கொள்ளலாம். பாஸ் இல்லாத கணினியில், பென் டிரைவிலிருந்தே இயங்கும் ஏதேனும் ஒரு லினக்ஸைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் உறக்க நிலையில் நிறுத்தப்பட்டிருந்தால் அப்பகுதியைப் படிக்க மட்டும் திறக்க வேண்டும். எழுதினால் கோப்பமைப்பு கெடக்கூடும்.

கணக்கைத் திறத்தல்

எக்ஸ்பியில் எஃப்8 விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையில் தொடங்கினால், வழக்கமான திரையில் தெரியாத அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு தோன்றும். கணினியை அமைத்தபோது யாரும் கடவுச்சொல் இடாமல் விட்டிருந்தால் அது காலியாகவே இருக்கும். என்டர் தட்டினாலே போதும். விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றில் இக்கணக்கு முடக்கப்பட்டே வருவதால் இவ்வழி பொதுவாகப் பயன்படாது. அதே கணினியில் நிருவாகி உரிமையுள்ள வேறொரு கணக்கு இருந்தால் கட்டுப்பாட்டுப் பலகத்தில் கடவுச்சொல்லை மாற்றலாம். கடவுச்சொல் மீட்டமைப்பு வட்டு முன்பே செய்து வைத்திருந்தால் அதுவே சிறந்த வழி. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் உள்ளகக் கணக்குகளுக்குப் பாதுகாப்புக் கேள்விகள் உண்டு. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைபவர்கள் வேறொரு கருவியில் இணையம் வழியாக மாற்றிக்கொள்ளலாம்.

இவை எதுவும் இல்லாதபோது பயன்படுவது, நார்வே நாட்டைச் சேர்ந்த பெட்டர் நோர்டால்-ஹாகன் எழுதிய சிஎச்என்டிபிடபிள்யூ என்னும் கட்டற்ற மென்பொருள். லினக்ஸிலிருந்து இயங்கி, சாம் கோப்பில் உள்ள அடையாளச் சரத்தை நீக்கிக் கடவுச்சொல்லைக் காலியாக்கிவிடும். இதற்கு முன் சாம் கோப்பையும் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கடவுச்சொல் தெரியாமல் இப்படி வலிந்து மாற்றினால், அதைச் சார்ந்து பூட்டப்பட்டவை திறவா. இஎஃப்எஸ் முறையில் குறியாக்கம் செய்த கோப்புகளும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் இவ்வகையில் சேரும். இஎஃப்எஸ் எக்ஸ்பி ஹோமில் இல்லை; புரொபஷனல் பதிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் கோப்புப் பெயர்கள் பச்சை நிறத்தில் காணப்பட்டனவா என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். பச்சை, குறியாக்கத்தின் அடையாளம். பழைய கடவுச்சொல் பின்னாளில் நினைவுக்கு வந்தால் அதையே மீண்டும் இட்டு இவற்றைத் திறக்க வாய்ப்புண்டு. பிட்லாக்கரால் பூட்டிய வட்டுக்கு 48 இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டும். அது இல்லாவிட்டால் குறுக்குவழி கிடையாது.

லினக்ஸில் வேலை சற்று எளிது. க்ரப் பட்டியலில் மீட்பு முறையைத் தேர்ந்தெடுத்து ரூட்டாக நுழைந்து, பாஸ்டபிள்யுடி கட்டளையுடன் பயனர்பெயரைத் தட்டினால் புதிய கடவுச்சொல்லைக் கேட்கும். மீட்பு முறையும் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டால், பென் டிரைவ் லினக்ஸிலிருந்து மாற்ற வேண்டியதுதான்.

உரியவரின் இசைவின்றி இவற்றைப் பிறர் கணினியில் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 ஆம் பிரிவுகளின்கீழ் குற்றமாகும். மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே பழைய கணினியை விலைக்கு வாங்குவோர் விற்பவரையே கடவுச்சொல்லை நீக்கித் தரச் சொல்வது முறை.

பயாஸ் கடவுச்சொல்

இயங்குதளம் தொடங்கும் முன்பே கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டால் அது பயாஸ் பூட்டு. மேலே சொன்ன எதுவும் இங்கே உதவாது. பழைய மேசைக்கணினிகளில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பட்டன் செல்லைச் சற்று நேரம் கழற்றி வைத்தாலோ, அதற்கென உள்ள ஜம்பரை மாற்றி வைத்தாலோ இது நீங்கிவிடும். மடிக்கணினிகள் பலவற்றில் கடவுச்சொல் மின்சாரம் இன்றியும் அழியாத தனிச் சில்லில் இருப்பதால் செல்லைக் கழற்றிப் பயனில்லை. வாங்கிய ரசீதுடன் தயாரிப்பாளரின் சேவை மையத்தை அணுக வேண்டும். செல்லைக் கழற்றி மாட்டிய பின் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். அதைத் திருத்தாவிட்டால் பாதுகாப்பான இணையத்தளங்கள் சான்றிதழ்ப் பிழை என்று சொல்லித் திறக்க மறுக்கும்.